எட்டுப் பேர், பத்து ஆல்பங்கள்: ஆண்டுப் பட்டியலில் நேரும் தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் முடிந்த கையோடு, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள ஒரு மாடி வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் கூடுகிறோம். மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவர், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் கல்லூரி மாணவி, ராப் இசையில் ஊறிய அவருடைய தம்பி என்று ஆளுக்கொரு திசை. அந்த ஆண்டு வந்தவற்றில் சிறந்தவை என்று ஆளுக்குப் பத்து ஆல்பங்களை எழுதிக்கொண்டு வருவோம். இரவுக்குள் எல்லா வகை இசையும் கலந்த ஒரே பட்டியல் உருவாக வேண்டும். முதல் சில ஆண்டுகளில் எழுதிய பட்டியல்களை இப்போது எடுத்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட ஆல்பங்களை எங்களில் யாருமே மறுபடி கேட்கவில்லை என்பது தெரிகிறது. ரசனையில் கோளாறு இல்லை. கேட்ட விதத்திலும் எண்ணிய விதத்திலும்தான் தவறு செய்தோம்.

அவற்றில் பெரியது, எல்லா இசையையும் ஒரே படியால் அளந்தது. "முதல் பாட்டிலேயே ஆளை இழுக்க வேண்டும்" என்ற எதிர்பார்ப்பு யாரும் சொல்லாமலே எங்களுக்குள் இருந்தது. இன்றைய பாடல்களைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது இயல்பு. ஸ்பாட்டிஃபை செயலியில் ஒரு பாடல் முப்பது நொடியாவது ஓடினால்தான் அது ஒருமுறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். ஆகவே கையிருப்பில் உள்ள நல்ல வரியைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது பாட்டு செய்பவருக்கு லாபம். ஆனால் கர்நாடக இசையில் நிதானமாக விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவி அடங்கிய ஒரு கச்சேரிப் பதிவை இந்தத் தராசில் வைத்தால் என்ன ஆகும்? பாடகர் முதல் சில நிமிடங்கள் ஒன்றிரண்டு சுரங்களைச் சுற்றியே நிற்பார். தாளம் பல்லவிக்குத்தான் வரும். அந்த நிதானத்தில்தான் பின்னால் வரப்போகும் அத்தனைக்கும் நிலம் உழப்படுகிறது. நாங்களோ ஆலாபனையின் நடுவில் கதவைச் சாத்திவிட்டு, "இழுவையாக இருக்கிறது" என்று தீர்ப்பு எழுதினோம்.

இதே தவறு எதிர்த்திசையிலும் நடந்தது. ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தை எங்களில் ஒருவர், "மெட்டே இல்லையே" என்று ஒதுக்கினார். மெட்டைத் தேடிக்கொண்டு போனவர் வெறுங்கையோடுதான் திரும்புவார். வழி காட்டியவர் மிருதங்க ஆசிரியர்தான். "தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கேட்பதைப் போலக் கேளுங்கள். எந்த அசை தாளத்தின் மேல் விழுகிறது, எது தள்ளி விழுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பாருங்கள்" என்றார். அப்படிக் கேட்டபோது அதுவரை பேச்சாகத் தெரிந்தது இசையாக எழுந்து நின்றது. எதுகை விழும் இடத்தில் கோபமும் விழுவதை அன்றுதான் உணர்ந்தோம். பெரிய அமைப்புகளுக்கே இந்தச் செவி வாய்க்க நெடுங்காலம் ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் இசைக்கான புலிட்சர் பரிசு 1943 முதல் வழங்கப்படுகிறது. மேற்கத்திய செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அது முதன்முறையாகப் போனது 2018-இல், கெண்ட்ரிக் லமாரின் ராப் ஆல்பத்துக்கு.

ஆகவே எந்த ஆல்பத்திடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எதைச் செய்ய வந்தது என்பது. வந்த வேலையைச் செய்து முடித்ததா என்பது அடுத்தது. நமக்குப் பிடித்திருக்கிறதா என்பது மூன்றாவதாக வந்தால் போதும்.

இதற்குப் பரிகாரம் என்று நினைத்துப் பலர் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். பந்தியில் ஒவ்வொரு கறியிலும் ஒரு கரண்டி வைப்பதுபோல், ஜாஸில் ஒன்று, நாட்டுப்புறத்தில் ஒன்று, மின்னணு இசையில் ஒன்று என்று வைத்துவிடுவது. அந்த ஆண்டு அந்த வகையில் ஒரே ஓர் ஆல்பத்தை மட்டும் கேட்டவர், அதையே சிறந்தது என்று எழுதுவது அந்த இசைக்குச் செய்யும் அவமரியாதை. ஒரு வகையில் ஐந்து ஆல்பங்களையாவது கேட்காமல் அதிலிருந்து எதையும் பட்டியலுக்குக் கொண்டுவருவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறோம். நேரம் இல்லையென்றால், அந்த இசையிலேயே வாழும் ஒருவரிடம் கேட்கிறோம். பறையிசைப் பதிவுகளைப் பற்றிப் பறையடிப்பவரிடம் கேட்டால், பதிவில் தோலின் சூடு குறைந்திருப்பதைக்கூடச் சொல்லிவிடுகிறார்.

அடுத்து எண்ணிக்கை. இது வெறும் கணக்கு என்று நினைத்து அலட்சியமாக விட்டோம். பட்டியல்களைக் கெடுத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. முதலிடத்துக்குப் பத்து மதிப்பெண், இரண்டாம் இடத்துக்கு ஒன்பது, பத்தாம் இடத்துக்கு ஒன்று என்று கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது. 18-ஆம் நூற்றாண்டில் போர்தா என்ற பிரெஞ்சுக் கணிதர் முன்வைத்த முறையின் வாரிசு இது. இதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று பேர் உயிரைக் கொடுத்து முதலிடம் தந்த ஓர் ஆல்பத்தை மற்ற ஐந்து பேர் கேட்கவே இல்லை என்று வையுங்கள். அதற்குக் கிடைப்பது 30. இன்னோர் ஆல்பத்தை எட்டுப் பேரும் "பரவாயில்லை" என்று ஆறாம் இடத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து வீதம் அதற்கு 40. யாருடைய நெஞ்சிலும் இல்லாத ஆல்பம், மூன்று பேரின் நெஞ்சில் நிற்கும் ஆல்பத்தை முந்திவிடுகிறது. எங்கள் முதல் பட்டியலின் உச்சியில் இருந்தது இப்படி வந்த ஓர் ஆல்பம்தான்.

நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் இதழ், விமர்சகர்களிடையே பல ஆண்டுகள் நடத்திய வாக்கெடுப்பில் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் 100 மதிப்பெண். அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எதற்கும் 30-க்கு மேல் கூடாது, 5-க்குக் கீழும் கூடாது. மேலே சொன்ன கணக்கை இதில் போட்டால், மூன்று பேரின் முதல் ஆல்பம் 90 வரை போகலாம். எட்டுப் பேரும் 8 வீதம் கொடுத்தாலும் அந்த "பரவாயில்லை" ஆல்பம் 64-இல் நின்றுவிடும். ஈடுபாட்டுக்கு எடை கிடைக்கிறது. நாங்கள் இந்த முறைக்கு மாறியதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். எண்ணுவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லோருடைய முதல் மூன்று ஆல்பங்களையும் எல்லோருக்கும் அனுப்பிவிடுவோம். கேட்காததால் ஓர் ஆல்பம் தோற்கக் கூடாது.

ஒரு பாட்டுக்காக ஆல்பத்தைத் தேர்வதும் தவறுதான். 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி' ஒலிக்காத தெரு இல்லை. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் அதை எழுதிக்கொண்டு வந்தார்கள். அது தனிப்பாடல், ஆல்பம் இல்லை. அதன் பெருமை அதனால் குறையவில்லை. வேறு தாளில் வைக்க வேண்டியது, அவ்வளவுதான். எது ஆல்பம் என்பதற்கு கிராமி விருதுக்காரர்கள் வைத்திருக்கும் வரையறை உதவியாக இருக்கிறது. குறைந்தது ஐந்து தனித்தனிப் பாடல்களும் 15 நிமிடமும் வேண்டும். அல்லது மொத்தம் 30 நிமிடம் இருந்தால் பாடல் எண்ணிக்கை பொருட்டில்லை. இரண்டே உருப்படிகள் கொண்ட ஐம்பது நிமிடக் கச்சேரிப் பதிவும் இதில் இடம் பெறும் என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

திரைப்பட ஆல்பங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. பாடல்கள் ஒவ்வொன்றாக வாரக்கணக்கில் வருகின்றன. பின்னணி இசை படம் வந்து பல நாள் கழித்துத் தனியாக வருகிறது. காட்சியின் நினைவும் நடிகர் மீதுள்ள பாசமும் பாட்டின் கணக்கில் ஏறிவிடுகின்றன. படத்தைப் பார்க்காத ஒருவர் கேட்டாலும் இது நிற்குமா என்று சோதிக்க, எங்களில் ஒருவர் ஆண்டு முழுவதும் படம் பார்ப்பதைத் தள்ளிப்போட்டே கேட்கிறார். திரைக்கு வெளியே தமிழில் ஆல்பமாகவே சிந்தித்துச் செய்தது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு, இளையராஜா 1986-இல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கிய 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேட்கச் சொல்வேன். வரிசைக்கு ஒரு பொருள் உண்டு என்பது அப்போது விளங்கும். செயலியில் வரிசையைக் கலைத்து ஓடவிடும் பொத்தானை, பட்டியலுக்காகக் கேட்கும் நாட்களில் தொடவே கூடாது.

எங்கே, எதில் கேட்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். மஞ்சக்குப்பம் மாணவி தன் பத்து ஆல்பங்களில் பாதியை பஸ்ஸில்தான் கேட்டிருந்தார். கிருமாம்பாக்கம், முள்ளோடை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம் வரை எஞ்சின் சத்தம், பஸ்ஸின் ஸ்பீக்கரில் திரைப்பாட்டு, இவற்றுக்கு நடுவே மெல்லிய இசை எதுவும் பிழைக்காது. அவருடைய பட்டியலில் உரத்த ஆல்பங்கள் மட்டுமே இருந்ததற்குக் காரணம் அவர் ரசனை அல்ல, அந்தச் சாலை. இரண்டு பதிவுகளில் சற்று உரத்து ஒலிப்பதே மேலானதாகத் தோன்றுவது செவியின் இயல்பு. ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கத்தில் இடக்கை வாசிக்கும் தொப்பிப் பக்கம் ஏறக்குறைய காணாமல் போய்விடுகிறது. அந்தப் பக்கத்தின் ஆழ்ந்த ஒலியான கும்கியே கேட்காமல், தாள வாத்தியம் தனித்து ஒலிக்கும் ஒரு தனி ஆவர்த்தனத்துக்கு மதிப்பெண் போடுவதை அந்த ஆசிரியர் முன்னால் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இறுதிச் சுற்று ஆல்பங்களை ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கரில், எல்லோரும் சேர்ந்து கேட்கிறோம்.

நேரில் கேட்ட மயக்கமும் உண்டு. 1982-இல் பிரான்சில் தொடங்கிய இசைத் திருநாள் ஜூன் 21 அன்று எங்கள் ஊரிலும் கொண்டாடப்படுகிறது. கடற்காற்றில், நண்பர்களோடு நின்று கேட்ட குழுவின் ஆல்பத்தை டிசம்பரில் எழுதும்போது கை தானாக உயர் மதிப்பெண் போடும். அந்த மாலை வேறு, ஆல்பம் வேறு. பழகிய கலைஞரின் ஆல்பத்துக்கு அவருடைய நண்பர் வாக்களிப்பதில்லை என்பதும் எங்கள் விதி. கலைஞர்கள் பலர் வாழும் ஆரோவில் பக்கத்தில் இருப்பதால் இது அடிக்கடி தேவைப்படுகிறது.

கடைசியாக, ஆண்டு என்பதன் எல்லை. 1963-இல் பதிவாகி 2018-இல்தான் வெளியான, ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ஆல்பம் ஒன்று உண்டு. அதைப் புதிய இசையோடு போட்டியில் நிறுத்துவது இரண்டுக்குமே நியாயம் இல்லை. பழைய பதிவுகளுக்கு எங்கள் நோட்டில் தனிப் பக்கம் இருக்கிறது. இன்னொரு பக்கம், பலர் நவம்பரிலேயே பட்டியலை மூடிவிடுகிறார்கள். அமெரிக்கப் பாடகி பியான்சே தன் பெயரையே தலைப்பாக்கிய ஆல்பத்தை முன்னறிவிப்பே இல்லாமல் வெளியிட்டது 2013 டிசம்பர் 13 அன்று. அதற்குள் முடிந்துபோன பட்டியல்கள் அதைத் தவறவிட்டன. நமக்கோ டிசம்பர் என்பது மார்கழி, கச்சேரிக் காலம். கர்நாடக இசையில் ஆண்டின் அறுவடை நடக்கும் வேளையில் களத்தைப் பூட்டினால் எப்படி?

அதனால் எங்கள் கூட்டத்தைப் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டோம். நோட்டில் ஒவ்வோர் ஆண்டின் பட்டியலுக்குக் கீழும் நான்கு வரி காலியாக விடுகிறோம், தாமதமாகக் காதில் விழும் ஆல்பங்களைக் கேட்ட தேதியோடு எழுதிவைக்க. 2019-ஆம் ஆண்டின் பக்கத்தில் அந்த நான்கு வரியும் நிரம்பி, ஐந்தாவது ஓரத்தில் ஏறியிருக்கிறது.