‘நாம்’ எங்கே, ‘நாங்கள்’ எங்கே?

சிறுகதையில் யார் உள்ளே, யார் வெளியே என்று கண்டுபிடிக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை. ஒரு பென்சில் போதும். கதையில் வரும் ‘நாம்’, ‘நாங்கள்’ எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். ‘நாம்’ கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும்; ‘நாங்கள்’ அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லை, பாவம்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அறை எடுத்திருக்கும் பெண்ணிடம் வீட்டுக்கார அம்மா, “நாங்கள் எட்டு மணிக்குப் பிறகு கதவு திறப்பதில்லை” என்கிறார். மூன்று பக்கம் கழித்து, மின்சாரம் நின்ற இரவில், “வாரும் பிள்ளை, நாம் மொட்டைமாடிக்குப் போவோம்” என்கிறார். கதையின் திருப்பம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது, மின்வெட்டில் அல்ல. ஒன்று கவனியுங்கள்: நம் இலங்கைப் பேச்சுவழக்கில் ‘நாங்கள்’ இரண்டுக்கும் வருவதுண்டு. ஆகவே அந்தப் பாத்திரம் வழக்கமாக எப்படிப் பேசுகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

‘ஊர்’ என்ற சொல்லையும் விடாதீர்கள். கொழும்பில் இருபது வருடம் இருந்தவர் “ஊருக்குப் போகிறேன்” என்றால், அந்த ஊர் பெரும்பாலும் கொழும்பு அல்ல.

காலி வீதியில் ஓடும் 100 ஆம் இலக்க பஸ் புறக்கோட்டைக்குப் போகும் என்று கதைசொல்லி விளக்கினால், அவர் புதியவர். அல்லது நம்மைப் புதியவராக நினைக்கிறார். எது என்று தெரியாவிட்டால் ‘வந்தான்’, ‘போனான்’ ஆகியவற்றைப் பாருங்கள். கதைசொல்லியின் பார்வை நிற்கும் இடத்தை நோக்கி நடப்பவன்தான் ‘வருவான்’.