‘கடலோரத் துறவி’யைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808 முதல் 1810 வரை வரைந்த ‘கடலோரத் துறவி’ என் மனத்துக்கு மிக நெருக்கமான ஓவியம். மணல்மேட்டில் சிறு புள்ளியாக ஒரு மனிதர், எதிரே கரிய கடல், மேலே முக்கால் பங்குக்கும் அதிகமாக வானம். பலரும் பார்த்தவுடன் ‘சோகம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் இந்த அவசரம்தான் முதல் தவறு.

பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். அக்கால நிலக்காட்சி ஓவியங்களில் ஓரத்து மரங்கள் நம் கண்ணை மெல்ல உள்ளே அழைத்துச் செல்லும். இங்கே ஒரு மரம்கூட இல்லை. மேற்பூச்சுக்கு அடியில் இருப்பதைக் காட்டும் அகச்சிவப்பு ஆய்வில், முதலில் கடலில் கப்பல்கள் இருந்தது தெரியவந்தது. அவரே அவற்றை நீக்கிவிட்டார். கப்பல் இருந்திருந்தால் தொலைவைக் கணக்கிடலாம், யாரோ வருகிறார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம். அந்தப் பிடிமானம் போனதால்தான் துறவியைப் போலவே நாமும் திகைத்து நிற்கிறோம்.

அடுத்த தவறு, வாழ்க்கைக் கதையை ஓவியத்தின்மேல் ஒட்டுவது. 1787-இல் ஃப்ரீட்ரிக்கின் தம்பி நீரில் மூழ்கி இறந்தது உண்மை. ஆனால் எல்லா ஓவியத்திலும் அந்தத் தம்பியையே தேடினால் அழிக்கப்பட்ட கப்பல்கள் எப்படிக் கண்ணில் படும்?

அகராதி போல் பொருள் சொல்வதும் வேண்டாம். கடல் என்றதும் நெய்தல், நெய்தல் என்றதும் இரங்கல் என்று நம் மனம் ஓடுவது இயல்பு. சங்கப் பாடலில் அது புலவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான இலக்கணம். ஃப்ரீட்ரிக் தம் ‘டெட்சன் பலிபீட’ ஓவியத்துக்குப் பாறை இறைநம்பிக்கை, பசுமை மாறாத ஊசியிலை மரம் எதிர்நோக்கு என்று தாமே விளக்கம் தந்தார். அதை எடுத்து இந்த மணல்மேட்டுக்குப் பொருத்த முடியாது.

ஓவியத்தில் உள்ள இடம் எது என்று தேடிப் புறப்படுவதும் வீண். வெவ்வேறு இடங்களில் தீட்டிய கோட்டோவியங்களை அவர் பட்டறையில் ஒன்றுசேர்ப்பவர்.

கடைசியாக ஒன்று. 110 செ.மீ. உயரமும் 171.5 செ.மீ. அகலமும் கொண்ட இதைக் கைபேசியில் பார்த்தால் அந்த வானம் நம்மைச் சூழாது. பழைய அச்சுப்படங்களையும் நம்பாதீர்கள். பெர்லினில் சீரமைத்து 2016-இல் மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, மஞ்சளித்த வார்னிஷுக்கும் பிற்காலப் பூச்சுக்கும் அடியிலிருந்து வானத்தின் நீலம் வெளிவந்தது.