சென்னை–சிங்கப்பூர்: தொலைவையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

அம்மாவைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றபோது, அவர் மாத்திரை உண்ணும் வேளைகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள விரும்பினேன். பயணச்சீட்டில் இரவு 11.00 மணிக்குப் புறப்பாடு, காலை 5.45 மணிக்கு வருகை என்றிருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, ஆறேமுக்கால் மணி நேரப் பயணம் என்று எழுதி வைத்தேன். அந்தக் கணக்கு தவறு என்பது விமானத்தில் ஏறிய பிறகே தெரிந்தது.

படி 1: தொலைவு. கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோலை எடுத்து, மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து சாங்கி ஓடுபாதை வரை கோடு இழுங்கள். சுமார் 2,920 கிலோமீட்டர் வரும். தட்டையான வரைபடத்தைவிட இதையே பரிந்துரைப்பேன். கோடு உருண்டையின் மேல் வளைந்து கிடப்பதால் உண்மையான குறுக்குவழி கிடைக்கிறது.

படி 2: பறக்கும் நேரம். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் ஏறத்தாழ 3 மணி 25 நிமிடம். மேலேறுவதற்கும் இறங்குவதற்கும் வேகம் குறைவதால் அரைமணி சேர்த்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டில் அச்சாகும் நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் நிற்கும் வரை உள்ள முழு நேரம். ஆகவே அது இன்னும் சற்றுக் கூடுதலாக, நான்கேகால் மணி அளவில் இருக்கும்.

படி 3: கடிகாரங்களை ஒன்றாக்குதல். நான் தவறியது இங்கேதான். பயணச்சீட்டில் உள்ள இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5.30 மணியும், சிங்கப்பூர் நேரம் 8 மணியும் முந்தியவை. எனவே சென்னையின் இரவு 11.00 என்பது பொது நேரத்தில் 17.30, சிங்கப்பூரின் காலை 5.45 என்பது முந்தைய நாளின் 21.45. இப்போது கழித்தால் 4 மணி 15 நிமிடம். திரும்பி வரும்போது இதே பிழை எதிர்த்திசையில் நேரும்: இரவு 8.00 மணிக்குக் கிளம்பி 9.45 மணிக்குச் சென்னையில் இறங்கினால் ஒன்றேமுக்கால் மணிப் பயணம்போலத் தோன்றும். பொது நேரத்தில் அது 12.00 முதல் 16.15 வரை. இரண்டரை மணியைக் கூட்டுவதா கழிப்பதா என்று மனத்தில் தடுமாறுவதைவிட, இரு நேரங்களையும் பொது நேரத்துக்கு மாற்றி எழுதுவதே பாதுகாப்பானது.

இந்த வேறுபாடு என்றும் ஒரே அளவில் இருந்ததில்லை. 1981 முடியும் வரை சிங்கப்பூர் பொது நேரத்துக்கு ஏழரை மணியே முந்தியிருந்தது. 1982 சனவரி 1 அன்றுதான் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தினார்கள். பழைய கால அட்டவணையைப் பார்ப்பவர்கள் இரண்டு மணி வேறுபாட்டையே கொள்ள வேண்டும்.

காற்றையும் மறக்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்று வீசுவதால், அம்மாதங்களில் சிங்கப்பூருக்குச் செல்வதைவிடத் திரும்புவது சற்று விரைவாக அமையும்.

பிற்சேர்க்கை: கொழும்பில் மாறிச் செல்வது பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். கொழும்பும் சென்னையும் ஒரே நேரத்தில் இருப்பதால் முதல் விமானத்தின் நேரங்களை அப்படியே கழிக்கலாம். இரண்டாவது விமானத்துக்கு மட்டும் மூன்றாம் படி தேவை. இடையில் காத்திருக்கும் நேரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தும் உணவும் உண்ண வசதியான வேளை பெரும்பாலும் அதுவே.