பெயர் சொல்லாமல் ஒரு கல்லை வர்ணித்து எழுத வைப்பது எப்படி?

முதலாண்டு நிலவியல் மாணவரிடம் ஒரு கல்லைக் கொடுத்து அதை வர்ணித்து எழுதச் சொன்னால், முதல் வரியிலேயே "இது கிரானைட்" என்று வந்துவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பாடப்புத்தக கிரானைட்தான், கையிலிருக்கும் கல் அல்ல. சிவப்பு மையால் திருத்தித் திருத்திச் சலித்தபின் நான் பிடித்துக்கொண்ட வழி இது.

1. ஆறு வகைப் பாறை எடுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. ஒன்று மாணவர் கைக்கு, மற்றது பொதுத் தட்டுக்கு.

2. ஆளுக்கொரு லென்ஸ், கத்தி, அளவுகோல். லென்ஸ் 10 மடங்கு போதும். 20 மடங்கில் பார்வைப் பரப்பு சுருங்கி, புதியவர்களுக்கு ஃபோகஸே கிடைக்காது.

3. பாறையின் பெயரை எழுதத் தடை.

நான் சறுக்கியது இங்கேதான். பெயரை மட்டும் தடுத்தேன். "மாக்மா (பூமிக்குள் உருகிய பாறைக் குழம்பு) மெதுவாகக் குளிர்ந்து உருவானது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அது ஊகம், யாரும் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "இதைக் கல்லில் விரல் வைத்துக் காட்டு." மாக்மாவைக் காட்ட முடியாது. "படிகங்கள் 3 முதல் 6 மி.மீ., ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன" என்றால் காட்டலாம்.

"குவார்ட்ஸ் (பாறையில் உள்ள ஒரு கனிமம்) அதிகம்" என்ற வரி இப்படி மாறும்: "சாம்பல் நிறம், கண்ணாடிப் பளபளப்பு, பிளவுத் தளம் (உடையும்போது வரும் வழவழப்பான சமதளம்) இல்லை, கத்தியால் கீறல் விழவில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே குவார்ட்ஸ்."

கீறலில் ஒரு ஏமாற்று உண்டு. மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் அளவு) குவார்ட்ஸின் கடினம் 7, கத்தி சுமார் 5.5. கத்தியின் உலோகம்தான் தேய்ந்து கல்லில் கோடாகப் படியும். விரலால் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போய்விட்டால் அது கீறல் அல்ல.

4. தாள்களை மாற்றிக் கொடுங்கள். படிப்பவர் தட்டிலிருந்து அதே பாறையை எடுக்க வேண்டும். தப்பாக எடுத்தால் எழுதியவரே திருத்தி எழுதட்டும். நீங்கள் பேனாவைத் தொடாதீர்கள்.

5. பெயரும் உருவான விதமும் கடைசியில், தனிப் பத்தியில்.

பின்சேர்க்கை: ஒரே துண்டை வைத்துச் செய்துபார்த்த ஒருவர் வகுப்பில், "மூலை உடைந்தது, முட்டை வடிவம்" என்று எழுதியே ஜெயித்துவிட்டார்களாம்! இரண்டு துண்டு கேட்பது அதற்காகத்தான்.

இன்னொருவர், சுண்ணாம்புக்கல்லையும், அதைப் போலவே தோன்றும் டோலமைட் பாறையையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தார். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். டோலமைட் சும்மா இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, அந்தப் பொடிமேல் அமிலம் விட்டால் மெல்லக் குமிழிவிடும். "நுரைக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால், சுரண்டினாயா என்று கேளுங்கள்.