குன்சும் கணவாய்: ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள்

இமாச்சலத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குக் கார் ஓட்டிப் போகிறவர்கள் பலர் மணாலியிலிருந்து நேராக ஏறுகிறார்கள். நான் சொல்வது எதிர்வழி. சிம்லாவில் தொடங்கி, கல்பா, நாக்கோ, தாபோ என்று ஊருக்கு ஓர் இரவு தங்கி, ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா போய்ச் சேருங்கள். அங்கிருந்து குன்சும் கணவாயைத் தாண்டி மணாலிக்கு இறங்கலாம். மணாலி சுமார் 2,050 மீட்டர், குன்சும் 4,551 மீட்டர். ஒரே நாளில் அவ்வளவு ஏறினால் தலைவலியும் குமட்டலும் வந்து, ஆசைப்பட்டு வந்த மலையை ஏறெடுத்துப் பார்க்கவும் தெம்பிருக்காது.

கணவாய் பெரும்பாலும் ஜூனில் திறக்கும், அக்டோபர் வாக்கில் பனி மூடும். எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி. மழை ஓய்ந்திருக்கும்.

காசாவில் டேங்கை நிரப்பி, ஸ்டெப்னியிலும் காற்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மணாலிப் பக்கம் இறங்கும்வரை பங்க்கை நம்ப வேண்டாம். உடம்பு நன்றாக இருந்தால் கடைசி இரவைக் கணவாய்க்கு முன்னுள்ள லோசர் கிராமத்தில் கழித்து, ஆறு மணிக்கே கிளம்புங்கள். காரணம் தண்ணீர்தான்.

குன்சும் இறங்கி, பாதல் என்ற இடத்தைத் தாண்டினால், சந்திரா ஆற்றோரமாகக் கிராம்ஃபூ வரை பெரும்பாலும் கல்லும் மண்ணுமான பாதை. மேலே உருகும் பனி பல இடங்களில் சாலைமேலேயே பாயும். அங்கே அதை நாலா என்பார்கள். இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் காலையில் கணுக்காலளவுதான் இருக்கும். வெயில் ஏற ஏற, அதே இடத்தில் முழங்காலைத் தொடும்.

முதல் தடவை நானும் தங்கையும் காசாவிலிருந்தே ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினோம். மூன்று மணிக்கு ஒரு நாலாவின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. தண்ணீருக்கடியில் கற்கள் உருண்டு மோதுவது காலடியில் கடகடவென்று கேட்டது. கதவிடுக்கில் கசிந்த தண்ணீர் பட்டதும் பாதம் மரத்துப்போனது. பின்னால் வந்த லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினார். காசு நீட்டினோம், வாங்கவே இல்லை. அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே நாலா வந்தால் இறங்கிப் பாருங்கள். உள்ளூர்க்காரர்கள் ஆல்ட்டோவிலேயே கடப்பார்கள். ஒரு வண்டி போகட்டும் என்று காத்திருந்து, அது போன தடத்தைப் பிடியுங்கள். முதல் கியர், ஆக்சிலரேட்டர் ஒரே சீராக. நடுவில் கிளட்ச்சைத் தொடாதீர்கள், கியரும் மாற்றாதீர்கள். கரையேறியதும் இரண்டு மூன்று தடவை பிரேக்கை லேசாக மிதித்தால் ஈரம் காயும்.

இவ்வளவு அவசரத்திலும் குன்சும் உச்சியில் மட்டும் நின்றுவிட்டுப் போங்கள். அங்கே டிரைவர்கள் குன்சும் மாதா கோயிலை வண்டியோடு ஒரு சுற்று வலம்வந்துதான் கிளம்புவார்கள். ஏழு மணி வெயிலில் பிரார்த்தனைக் கொடிகள் படபடக்கும், எதிரே பனிச்சிகரங்கள் வரிசையாக நிற்கும். நானும் தவறாமல் சுற்றிவிட்டுத்தான் இறங்குகிறேன்.

கிராம்ஃபூவில் தார்ச்சாலை வந்துவிடும். அங்கிருந்து கோக்சர் வழியாக 9.02 கி.மீ. அடல் சுரங்கத்துக்குள் நுழைந்தால், மதியச் சாப்பாடு மணாலியில்.