வீட்டுக் கோழிகள்: அக்கறையில் நேரும் தவறுகள்

வீட்டில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நல்லாத்தான் பார்த்துக்கறேன், ஏன் முட்டை குறைஞ்சுபோச்சு?" அவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. போய்ப் பார்த்தால் தானியம் தட்டு நிரம்பி வழியும். சாரல் படாமல் கூட்டின் நாலு பக்கமும் தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருக்கும். முட்டைகள் கழுவித் துடைத்துக் கூடையில் அடுக்கியிருக்கும். இந்த மூன்றுமே தவறு, மூன்றுமே பிரியத்தில் செய்தவை. கோழிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுக் கெடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிரியத்தைத் தவறான இடத்தில் காட்டியவர்களைத்தான் பார்க்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

முதல் தவறு வாங்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது. நான்கு கோழிக்குக் கூடு கட்டிவிட்டு, பார்க்க அழகாக இருக்கிறதே என்று எட்டு வாங்கி வருகிறோம். கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 4 சதுர அடி, பகலில் நடமாடும் அடைப்பில் 10 சதுர அடி இருக்க வேண்டும். நெருக்கம் கூடினால் முட்டை குறைவதற்கு முன்பே முதுகிலும் வாலடியிலும் இறகு இல்லாத திட்டுகள் தெரியும். ஒன்றையொன்று கொத்திப் பிடுங்கத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். எங்காவது ரத்தம் தெரிந்துவிட்டால் மற்றவை அந்த இடத்தையே குறிவைத்துக் கொத்தும். காயம்பட்ட கோழியை உடனே பிரித்து வைக்க வேண்டும். அதற்காக ஒரே ஒரு கோழி வாங்குவதும் சரியில்லை. கூட்டமாக வாழும் பறவை அது, குறைந்தது மூன்று வேண்டும். முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினக் கோழி முதல் ஆண்டில் 300 முட்டை வரை இடும். அப்படி நான்கு இருந்தால் நாளைக்கு மூன்று முட்டை. ஒரு சிறிய குடும்பத்துக்கு அதற்கு மேல் எதற்கு?

சேவல் இல்லாமல் முட்டை வராது என்று நினைத்து ஒன்றை வாங்கி வருபவர்களும் இருக்கிறார்கள். பெட்டை தானாகவே இடும், குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும். மூன்று பெட்டைக்கு ஒரு சேவலை விட்டால் அவற்றின் முதுகு இறகு தேய்ந்து தோல் கிழியும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று என்பதுதான் கணக்கு.

முதல்முறை வளர்ப்பவர் ஒருநாள் வயதுக் குஞ்சில் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் வாரம் குஞ்சுக்கு 32 முதல் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெட்டை சேவல் பிரிக்காத குஞ்சுகளில் பாதி சேவலாகப் போகும். ஐந்து மாதம் முட்டையே இருக்காது. தடுப்பூசி போட்ட, 16 வாரம் ஆன விடைக்கோழிகளை வாங்கினால் இந்தக் கவலைகள் எதுவும் இல்லை.

கூடும் இரவும்

நான் முதலில் கட்டிய அடைப்புக்குக் கோழிவலைதான் போட்டேன். அறுகோணக் கண் வைத்த அந்த மெல்லிய வலைக்குப் பெயரே அப்படி இருப்பதால் வேறு யோசனை வரவில்லை. ஒருநாள் காலை போய்ப் பார்த்தபோது வலையின் அடி பிய்ந்து கிடந்தது. ஐந்து கோழிகளில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன, அவையும் மூலையில் ஒடுங்கி நின்றன. அந்த வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நாய் அதைக் கடித்துப் பிய்க்கும்; எலியும் பாம்பும் அதன் கண் வழியாகவே நுழைந்துவிடும். 12 மில்லிமீட்டர் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலைதான் பாதுகாப்பு. அதையும் தரையோடு நிறுத்தாமல் ஓர் அடி ஆழம் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவைத்துக் கல் ஏற்ற வேண்டும். தோண்டும் விலங்கு சுவரின் ஓரத்தில்தான் தோண்டும்.

கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பகலில் பூனையைக் கண்டு பறந்து தப்பும் கோழி, இரவில் தூக்கக் கம்பில் உட்கார்ந்தால் எது வந்து தூக்கினாலும் அசையாது. அதனால் அந்தி சாய்ந்ததும் கதவை மூடுவதை ஒருநாள்கூட விடாதீர்கள். மூடுவதற்கு முன் எண்ணுங்கள்.

கதவை மூட வேண்டும், காற்றை மூடக் கூடாது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவது குளிர்காலத்திலும் மழைக்காலத்திலும் செய்யும் பெரிய தவறு. கோழி எச்சத்தில் முக்கால் பங்கு ஈரம்தான். இரவெல்லாம் மூடிய கூட்டுக்குள் அந்த ஈரமும் மூச்சின் ஈரமும் சேர்ந்து, எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். அது கோழியின் மூச்சுக்குழாயை அரித்துச் சளி நோய்களுக்கு வழி திறந்துவிடும். காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து, கோழி உட்காரும் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை. கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி நாலு பக்கமும் திறப்பு விட்டு அதற்கும் கம்பி வலை அடியுங்கள். காற்று மேலே ஓட வேண்டும், உட்கார்ந்திருக்கும் கோழியின் மேல் நேராக அடிக்கக் கூடாது. காய்ந்த உடம்போடு இருக்கும் கோழி குளிரைத் தாங்கிவிடும்.

கூட்டுக்கு இடம் பார்க்கும்போது பலருக்கும் தோன்றாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டின் பெயின்ட் உரிந்து விழுந்த சுவரோரம், பேட்டரியோ குப்பையோ எரித்த இடம் வேண்டாம். கோழி மண்ணைக் கிளறித் தின்னும். அந்த மண்ணில் ஈயம் இருந்தால் அது முட்டைக்கும் வந்துவிடும், கோழி பார்க்க நன்றாகவே இருக்கும்.

தீனி என்னும் கணக்கு

முட்டை நின்றுபோவதற்குப் பின்னால் நான் அதிகம் பார்ப்பது தானியத் தட்டுதான். கோழி ஆசையாகக் கொத்துகிறது, நமக்கும் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது, இன்னும் ஒரு பிடி போடுகிறோம். அதன் உடம்புக்குள் நடக்கும் கணக்கைப் பார்த்தால் கை நின்றுவிடும்.

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. (இன்றைய முட்டையைவிட நாளைய முட்டை கொஞ்சம் தாமதமாக வருவதும், சில நாளுக்கு ஒருமுறை ஒருநாள் விட்டுப்போவதும் இதனால்தான், பயப்பட வேண்டாம்.) ஓர் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கோழி நாளுக்கு 110 கிராம் போலத் தின்றால் 4 கிராம் உள்ளே போகும், உடம்பு அதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆக, 2 கிராம். வரவும் செலவும் சரியாக இருக்கிறது. இப்போது வயிற்றில் பாதியை மக்காச்சோளத்தால் நிரப்புங்கள். தானியத்தில் கால்சியம் இல்லை என்றே சொல்லலாம், வரவு பாதியாகிவிடும். மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். சில வாரத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் ஓடு மெலியும், தோல்முட்டை வரும், கோழி கால் மடித்து உட்கார்ந்துவிடும். புரதமும் இதேபோலச் சரியும். முட்டைக்கோழிக்கு 16 முதல் 18 சதவீதம் வேண்டும், மக்காச்சோளத்தில் அதில் பாதிதான் இருக்கிறது.

ஆகவே தானியம், கீரை, சமையலறை மிச்சம் எல்லாம் சேர்த்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதையும் மாலையில், தீவனம் தின்று முடித்த பிறகு போடுங்கள். கால்சியத்துக்கான கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தீவனத்தில் கலக்க வேண்டாம். எவ்வளவு வேண்டும் என்பது கோழிக்குத் தெரியும். மாவுபோல் அரைத்ததைவிடப் பருக்கையாக உடைத்ததுதான் நல்லது. ஓட்டின் பெரும்பகுதி இரவில், கோழி எதுவும் தின்னாத நேரத்தில் உருவாகிறது. பருக்கைக் கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரைந்து கொடுக்கும். தூள் அதற்கு முன்பே வெளியே போய்விடும்.

இதே தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது. எல்லாம் கோழிதானே என்று ஒரே மூட்டையை எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள். வளரும் குஞ்சுக்குக் கால்சியம் 1 சதவீதம் போதும், 4 சதவீதம் போனால் சிறுநீரகம் கெடும். முட்டையிடத் தொடங்கும்போது மாற்றினால் போதும்.

வீணாகிவிடுமே என்று பூசணம் பூத்த தானியத்தைக் கோழிக்குப் போடுவதை எப்போதும் செய்யாதீர்கள். அந்தப் பூசணத்தின் நச்சு கல்லீரலைத் தாக்கும், முட்டைக்கும் வரும். வேகாத காய்ந்த பயறு வகைகள், பச்சையாகிப்போன உருளைக்கிழங்கு, அவகாடோவின் தோலும் கொட்டையும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. முட்டையில் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் தண்ணீர்தான். சாதாரண நாளில் கோழி கால் லிட்டர் போலக் குடிக்கும், வெயில் நாளில் இரண்டு மடங்கு. கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் ரத்தத்தில் குறைகிறது. கோடையில் கிளிஞ்சல் வைத்தும் ஓடு மெலிவதற்குக் காரணம் இதுதான். அப்போது நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் மருந்து.

எல்லாம் சரியாக இருந்தும் முட்டை நின்றால் பொழுதைக் கவனியுங்கள். நாளுக்கு 14 மணி நேரத்துக்குக் குறைவாக வெளிச்சம் இருந்தால் முட்டை குறையும். பகல் சுருங்கும் பருவத்தில் கோழி பழைய இறகை உதிர்த்துப் புதியது போடும், இரண்டு மூன்று மாதம்கூட முட்டை இருக்காது. அது நோய் இல்லை. இறகு பெரும்பாலும் புரதம்தான். அந்தச் சமயத்தில் டானிக்கைத் தேடாமல், புரதம் குறையாத தீவனமாகக் கொடுத்து விட்டுவிடுங்கள்.

புதிதாக வந்தவை

இன்னொரு சமயம் இரண்டு கோழி குறைந்துவிட்டது, இரண்டு வாங்கி வந்து அன்று இரவே கூட்டில் விட்டேன். தூக்கத்தில் சேர்த்தால் சண்டை வராது என்று கேள்விப்பட்டிருந்தேன். பத்து நாளில் கூடு முழுவதும் தும்மல், ஒன்று செத்தது. புதியவை இரண்டும் நன்றாகவே இருந்தன. ஒருமுறை நோய் வந்து தேறிய கோழி கிருமியைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகத் திரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. புதிய கோழியை 30 நாள் தனியாக, தனிப் பாத்திரங்களோடு வைத்துப் பாருங்கள். பழையவற்றைக் கவனித்துவிட்டுக் கடைசியாகப் புதியவற்றிடம் போங்கள். செருப்பைக் கழுவுங்கள், எச்சம் அதில்தான் பயணம் செய்கிறது.

அப்புறமும் நேராக விடக் கூடாது. 1921இல் நார்வேயைச் சேர்ந்த விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே, கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை இருப்பதை எழுதினார். புதியவர் வந்தால் அந்த வரிசை முழுவதும் கலைந்து மறுபடி அமைய வேண்டும். ஒரு வாரம் வலைக்கு அப்பால், ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். சேர்க்கும் நாளில் இரண்டு தீனித் தட்டு, இரண்டு தண்ணீர்ப் பாத்திரம் தள்ளித் தள்ளி வையுங்கள். தனியாக ஒரே ஒரு புதிய கோழியைச் சேர்க்க வேண்டாம், எல்லாக் கொத்தும் அதற்கே விழும்.

ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்தே கிடையாது, அது வைரஸ். தடுப்பூசி ஒன்றுதான் வழி. நாலு கோழிக்கு எதற்கு ஊசி என்று விட்டுவிடாதீர்கள். மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலப்பதும் வேண்டாம். மருந்து முட்டைக்குள் வரும். எந்த மருந்துக்கு எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

முட்டை இட்ட பிறகு

கழுவாதீர்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. இடும்போது ஈரமாக இருக்கும் ஒரு படலம் காய்ந்து அவற்றை மூடுகிறது. கழுவினால் அது போய்விடும். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் உள்ளிருப்பது சுருங்கி அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். லேசான அழுக்கைக் காய்ந்த துணியால் தேயுங்கள். தினமும் அழுக்காக வந்தால் முட்டைப்பெட்டியைச் சரிசெய்யுங்கள். கோழிகள் எப்போதும் உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி கம்பைவிட உயரத்தில் இருந்தால் அதிலேயே தூங்கி எச்சமிடும். நான்கு கோழிக்கு ஒரு பெட்டி போதும்.

அடை உட்கார்ந்த கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பது கொடுமை. அடியில் காற்று ஓடும் கம்பித் தள கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் விடுங்கள், அடை கலைந்துவிடும்.

பேனைப் பகலிலேயே கோழியின் மேல் பார்க்கலாம், செல் என்னும் மிகச் சிறிய பூச்சி பகலில் தெரியாது. சிவப்புச் செல் கம்பின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். கோழியை மட்டும் பார்த்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். இரவில் டார்ச் எடுத்துப் போய்க் கம்பின் அடியில் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், ரத்தக் கோடு வந்தால் இருக்கிறது. மருந்து கோழிக்கு மட்டும் அல்ல, இடுக்குகளுக்கும் அடிக்க வேண்டும். புழுதியில் புரள ஒரு மூலையில் காய்ந்த மண் எப்போதும் இருக்கட்டும்.

கோழி தன் நோயைக் கடைசிவரை காட்டாது. அதனால் அந்தியில் எண்ணும்போதே ஒவ்வொன்றின் மார்புக்கு மேலே, வலப்பக்கம் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். நாள் முழுவதும் தின்ற கோழிக்கு அது நிரம்பி மெத்தென்று இருக்கும், காலையில் காலியாகிவிடும். அந்தியில் காலியாக இருந்தால் அது அன்று தின்னவில்லை. காலையிலும் கெட்டியாகவோ, தண்ணீர்ப் பைபோலத் தளதளவென்றோ இருந்தால் செரிக்கவில்லை, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.