போஷ், பிளம்மி, லா-டி-டா: எதை எங்கே சொல்வது?

பிரிட்டிஷ் சீரியலில் ஒரே ஆளை ஒருத்தர் போஷ் என்பார், இன்னொருத்தர் பிளம்மி என்பார், மூன்றாமவர் ஸ்நாப் என்று திட்டுவார். எல்லாம் ‘மேட்டுக்குடி’தானே என்று விட்டுவிட்டால் பாதி வசனத்தின் குத்தல் நமக்குப் புரியாது.

முதலில், சொல் எதைப் பற்றியது என்று பாருங்கள். குரலா, ஆளா, பொருளா? போஷ் மூன்றுக்கும் ஓடும்: போஷ் ஹோட்டல், போஷ் பையன், போஷ் உச்சரிப்பு. (இந்தியாவுக்கு வந்துபோன கப்பல்களில் வெயில் படாத பக்கத்து அறைக்கான சுருக்கெழுத்திலிருந்து இது வந்தது என்பார்கள், அழகான கதை, ஆதாரம்தான் இல்லை.) பிளம்மி பெரும்பாலும் குரலுக்கு மட்டும், வாயில் பிளம் பழத்தை அடக்கிக்கொண்டு பேசுவது போலக் கனத்து உருண்டு வரும் குரல். நம்மூரில் வாயில் கொழுக்கட்டை இருந்தால் பேச்சே வராது, அவர்களுக்குப் பழத்தோடும் வருகிறது! கட்-கிளாஸும் உச்சரிப்புக்குத்தான், ஆனால் அது பட்டை தீட்டிய கண்ணாடி, ஒவ்வொரு ஒலியும் கூராகத் தெறிக்கும். எலிசபெத் ராணியின் 1950களின் கிறிஸ்துமஸ் உரையையும் 1980களின் உரையையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தக் கூர் கொஞ்சம் மழுங்கியிருப்பது தெரியும்.

அடுத்து, அந்தத் தோரணை பிறப்போடு வந்ததா, ஒட்டவைத்ததா? ஒட்டவைத்தது என்று தோன்றினால் லா-டி-டா. நாம் ‘பீட்டர் விடுறான்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதே எரிச்சல். ஸ்நாப் என்பதற்குப் பேச்சு எப்படி இருக்கிறது என்பதே முக்கியமில்லை, பிறரை மட்டமாகப் பார்த்தால் போதும். அதனால் ஒருவர் போஷாகவும் தங்கமான மனிதராகவும் இருக்கலாம்.

சரி, இப்போது நம்மைக் கவிழ்க்கும் இடம். 1954-இல் ஆலன் ராஸ் என்ற பர்மிங்ஹாம் பேராசிரியர், மேட்டுக்குடிச் சொற்களுக்கு ‘யு’ (அப்பர் கிளாஸ், அதாவது மேட்டுக்குடி என்பதன் ஆங்கில முதலெழுத்து) என்றும் மற்றவற்றுக்கு ‘நான்-யு’ என்றும் பெயர் வைத்தார். நாசூக்காகத் தெரியும் சொல்தான் யு என்று நினைப்போம், பல இடங்களில் தலைகீழ். கை துடைக்கும் துணி அவர்களுக்கு வெறும் நாப்கின். பிரெஞ்சு வாசனையோடு சர்வியெட் என்றால் நான்-யு. காது கேட்கவில்லையா? நாம் பள்ளியில் மரியாதை என்று படித்த ‘பார்டன்’ நான்-யு, மொட்டையாக ‘வாட்?’ என்று கேட்பவர்தான் பிரபு வீட்டுப் பிள்ளை.